தன் கச்சேரியின் வீடியோ தனக்கே ஏன் பிடிப்பதில்லை?

1905 டிசம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர்கள் தங்கள் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, ஓபரா பாடகி அடெலினா பட்டி வசித்த வேல்ஸ் நாட்டுக் கோட்டைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கு அப்போது 62 வயது. ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தவர். தன் குரல் கிராமபோன் குழாய் வழியே திரும்பி வருவதைக் கேட்டதும் அந்தக் குழாய்க்கு முத்தங்களைப் பறக்கவிட்டு, "நான் ஏன் பட்டியாக இருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது" என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாராம். உடனிருந்து பியானோ வாசித்த லேண்டன் ரொனால்டு இதை எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன் தன் குரலைப் பட்டி வெளியிலிருந்து கேட்டதில்லை என்பதும் ரொனால்டின் குறிப்பில் உண்டு.

அந்தக் கொடுப்பினை பின்னால் வந்தவர்களில் வெகு சிலருக்கே வாய்த்தது. பெரும்பாலான கலைஞர்களின் அனுபவம் இதற்கு நேர் எதிர். மேடையை விட்டு இறங்கும்போது மனம் நிறைந்திருக்கிறது. மறுநாள் யாரோ அனுப்பிய வீடியோவைத் திறந்தால், அதில் பாடிக்கொண்டிருப்பது வேறு யாரோ. குரல் மெலிந்திருக்கிறது, தாளம் ஓடுகிறது, முதுகு வளைந்திருக்கிறது. இரண்டு நிமிடங்களுக்கு மேல் பார்க்க முடியாமல் மூடிவிடுகிறார்கள். கெடுத்துவிட்டோம் என்று தலைகுனிந்து இறங்கிய நிகழ்ச்சி, பதிவில் கேட்டால் நன்றாகவே இருப்பதும் நடக்கிறது. அப்போது வரும் நிம்மதியைக்கூட யாரும் முழுதாக நம்புவதில்லை.

மேடையில் கேட்டது உண்மையா, பதிவில் கேட்பது உண்மையா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. இரண்டையும் சாட்சியங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பதில். சாட்சி சொன்னதை ஏற்பதற்கு முன், அவர் எங்கே நின்றார், அங்கிருந்து அவருக்கு எது கேட்டிருக்கும், எது கேட்டிருக்காது என்று வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். இசைக்கலைஞர்கள் அதைச் செய்வதில்லை. ஒன்று, பதிவு சொன்னதே தீர்ப்பு என்று நொந்துபோகிறார்கள். அல்லது மைக் சரியில்லை என்று சொல்லி அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

முதலில் கலைஞரின் காதையே கூண்டில் ஏற்றலாம். பாடகர் தன் குரலை இரண்டு வழிகளில் கேட்கிறார். வாயிலிருந்து காற்றில் பரவிச் செவித்துளை வழியாக வருவது ஒன்று. தொண்டையின் அதிர்வு மண்டை எலும்பு வழியாக உட்செவிக்கு நேரே போவது மற்றொன்று. செவி இயங்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1961இல் நோபல் பரிசு பெற்ற கியோர்க் வான் பேகேஷி, இந்த இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் பங்களிக்கின்றன என்று 1949இலேயே எழுதினார். எலும்பு வழி வரும் ஒலியில் கீழ் அதிர்வெண்கள் தூக்கலாக இருக்கும். தன் குரல் தனக்கு எப்போதும் கொஞ்சம் கனமாகவும் உருண்டு திரண்டும் கேட்பது அதனால்தான். மைக்குக்கு அந்த எலும்பு கிடையாது. பதிவில் கேட்கும் மெலிந்த குரலைத்தான் ஊரே இத்தனை காலமாகக் கேட்டுவந்திருக்கிறது. அதைக் கேட்டு அதிர்ச்சி அடைபவர் உலகத்தில் அவர் ஒருவரே.

அதிர்வெண் கணக்கோடு விஷயம் முடிவதும் இல்லை. பிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரவுசி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பதிவான தன் குரலைக் கேட்பவர்களின் சங்கடத்தை ஆராய்ந்து 1966இல் கட்டுரை வெளியிட்டார்கள். குரலின் தன்மை மாறிக் கேட்பது ஒரு காரணம். தான் வெளிக்காட்ட நினைக்காத பதற்றமும் தயக்கமும் குரலில் தெரிவது இன்னொரு காரணம் என்றார்கள். மேடைக் கலைஞருக்கு இந்த இரண்டாவது காரணம்தான் அதிகம் வலிக்கும். மேல் ஸ்தாயியைத் தொடுவதற்கு முன் குரலில் வரும் சிறு தயக்கம் பாடும்போது அவருக்குத் தெரியாது. அந்த நொடியில் கவனமெல்லாம் அடுத்த ஸ்வரத்தில் இருக்கிறது. பதிவில் முதலில் காதில் விழுவதே அந்தத் தயக்கம்தான்.

வாத்தியக்காரர்கள் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். வயலினைத் தாடையில் வைத்து வாசிப்பவருக்கு இடது காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒலி பிறக்கிறது. தாடை எலும்பு வழியாகவும் ஏறுகிறது. வில் கம்பியில் உரசும் கரகரப்பு அவருக்குப் பெரிதாகக் கேட்கும். அரங்கின் நடுவில் இருப்பவரை வந்தடைவதற்குள் அது பெருமளவு கரைந்துவிடும். கரகரப்புக்குப் பயந்து வில்லை மிகவும் மென்மையாக ஓட்டுபவரின் ஒலி, தன் காதுக்கு இனிமையாகவும் பதிவில் சோகையாகவும் இருப்பது இதனால்தான். பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்னோக்கித் திரும்பியிருக்கும். பின்னால் இருக்கும் சுவர் எப்படியோ அப்படித்தான் அதன் ஒலியும் அரங்குக்குப் போய்ச் சேரும். சுவர் மாறினால் வாசிப்பே மாறியதுபோல் தோன்றும்.

மின்கிதார் கதை இன்னும் சுவையானது. கிதாரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி பெரும்பாலும் தரையில் இருக்கும். அதில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் கீழ் ஒலிகளை எல்லாப் பக்கமும் பரப்பும்; உச்ச ஒலிகளையோ டார்ச் விளக்கைப் போல நேர்கோட்டில் முன்னால் பாய்ச்சும். கலைஞர் அதன் முன்னால் இரண்டடி தள்ளி நிற்கிறார். அந்தக் கூரிய ஒலி அவருடைய முழங்காலைத் தாக்கிவிட்டுப் போகிறது, காதுக்கு வருவதில்லை. மந்தமாகக் கேட்கிறதே என்று அவர் குமிழைத் திருகி உச்ச ஒலியைக் கூட்டுகிறார். நேர் எதிரே பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அது ஊசியாய்க் குத்துகிறது. அதே நேர்கோட்டில் இருந்த தொலைபேசியில் எடுத்த வீடியோவும் அந்தக் குத்தலைத்தான் பிடித்துவைத்திருக்கும். வீடியோவைப் பார்த்துவிட்டு "என் கிதார் இப்படி ஒலிக்காது" என்று அவர் அடித்துச் சொல்வார். அவருடைய முழங்கால் அறிந்த உண்மை அவருக்குத் தெரியாது. பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்பீக்கர் தன் முகத்தை நோக்கும்படி வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்த ஒரு திருத்தத்துக்காகவாவது பதிவைப் பார்க்கலாம்.

மேடையில் தன் ஒலி தனக்குக் கேட்பதற்காகத்தான் மானிட்டர் ஸ்பீக்கர்கள் வந்தன. அவை இல்லாத காலத்தின் மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு நடத்திய நிகழ்ச்சி. ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அலறலில் நால்வருக்கும் தாங்கள் வாசிப்பது கேட்கவில்லை. இதுபோன்ற நிகழ்ச்சிகளில் பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதை மற்றவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாக டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் சொன்னார். அந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிப் படமாக்கியபோது ஒலி தேறவில்லை. 1966 ஜனவரியில் லண்டனில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, திரையில் தங்களையே பார்த்தபடி சில பகுதிகளை மறுபடி பாடி, வாசித்துச் சேர்த்தார்கள். தன் கச்சேரியைத் தானே பார்த்துத் தானே திருத்திய அந்தக் காட்சி பின்னாளில் நேரடி ஒலித்தட்டுகளின் உலகத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்று மானிட்டர் இருந்தும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. இரைச்சல் கூடினால் மனிதர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எட்டியென் லம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் பதிவு செய்தார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் பாடகருக்கு இது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நடக்கிறது. அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பாடியதாக நினைத்துக்கொண்டிருப்பார்; பதிவில் கேட்டால் கத்தியிருப்பார். காதுக்குள் பொருத்தும் மானிட்டர் இதைக் குறைக்கும். ஆனால் செவித்துளை அடைபடுவதால் எலும்பு வழி வரும் குரல் உள்ளேயே முழங்கத் தொடங்கும். அரங்கின் எதிரொலியும் கைதட்டலும் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். சபையோடு பேசுவதில் கைதேர்ந்தவர்கள்கூட அந்தக் கருவியைப் போட்ட முதல் சில நிகழ்ச்சிகளின் வீடியோவில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பவர்களைப்போலத் தெரிவது அதனால்தான்.

காதை விடவும் மேடையில் அதிகம் ஏமாறுவது காலம் பற்றிய உணர்வு. உடல் பரபரப்பில் இருக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு குறுகுகிறது. வழக்கமான காலப்பிரமாணம் சவசவவென்று தோன்றுகிறது. கலைஞர் தனக்குச் சரியாகப் படும் வேகத்தைப் பிடிக்கிறார். ஒத்திகையில் நிமிடத்துக்கு 120 தட்டு என்று இருந்த பாட்டு மேடையில் 128 ஆகிறது. ஒரு தட்டுக்கு இது ஒரு நொடியின் நூறில் மூன்று பங்கு வித்தியாசம்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் நான்கு நிமிடப் பாட்டு பதினைந்து நொடி முன்னதாக முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நொடியும் எங்கிருந்து வெட்டப்பட்டது என்று பார்த்தால், சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடங்களிலிருந்துதான். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து, சாதாரண நாடித்துடிப்போடு கேட்கும்போது, ஏன் இப்படித் துரத்திக்கொண்டு போயிருக்கிறோம் என்று திகைப்பு வருகிறது. இந்த விஷயத்தில் மேடையின் காது சொன்னதைத் தள்ளிவிட்டுப் பதிவை நம்பலாம். வேகத்தைப் பொறுத்தவரை பதிவு பொய் சொல்லாது.

எதில் அது பொய் சொல்லும்? மலிவான, எங்கும் கிடைக்கும் சாட்சியான கைத்தொலைபேசியையே எடுத்துக்கொள்வோம். அதன் மைக் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒலி மெலிந்தால் தானாகக் கூட்டும், பலத்தால் தானாகக் குறைக்கும். மெல்லிய முணுமுணுப்பிலிருந்து படிப்படியாக ஏறி முழுக் குரலுக்கு வரும் ஒரு பாடலை இந்தத் தானியங்கி ஏற்பாட்டிடம் கொடுத்தால், ஏற்றம் முழுவதையும் தட்டையாக்கிவிடும். கூடவே, மெல்லிய இடங்களில் முன்வரிசையில் இருமியவரின் இருமலைப் பாடகரின் குரலுக்குச் சமமாகத் தூக்கிவைக்கும். "என் பாட்டில் ஏற்ற இறக்கமே இல்லை" என்று ஒரு பாடகர் தொலைபேசிப் பதிவைக் கேட்டு மனம் உடைந்தால், அவர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார் என்று பொருள். தானாகக் கூட்டிக் குறைக்கும் அந்த ஏற்பாட்டை அணைத்து வைக்கக்கூடிய செயலிகளும் சிறு பதிவுக் கருவிகளும் இருக்கின்றன. ஒலி அளவைக் கையால் ஒருமுறை அமைத்து, அப்படியே விட்டுவிட வேண்டும்.

வீடியோ எடுத்த இடம் எது என்பதும் முக்கியம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிப் பின்சுவர் அருகே நின்று எடுத்த வீடியோவில் படம் உடனே வந்துவிடும், ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால் இரண்டரைச் சட்டகத் தாமதம். டிரம்ஸ் குச்சி தோலில் பட்டு எழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும். அதைப் பார்க்கும் டிரம்ஸ் கலைஞர் தான் தாளத்தில் பின்தங்கியதாக முடிவுகட்டிவிடக் கூடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தப் பழி அகன்றுவிடும். மற்ற வாத்தியங்களின் ஒலியும் அதே தாமதத்தோடுதான் வந்திருக்கிறது.

அப்படியானால், மேடை மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த பதிவுதான் நாணயமான சாட்சி என்று சிலர் நினைக்கிறார்கள். சின்ன அரங்குகளில் அதுதான் மிக மோசமான சாட்சி. டிரம்ஸும் கிதார் பெட்டியும் தாமாகவே அரங்கை நிரப்பிவிடுவதால், மிக்ஸரில் இருப்பவர் அவற்றைக் கொஞ்சமாகவே திறந்திருப்பார், அல்லது திறந்தே இருக்க மாட்டார். குரலுக்கு மட்டும் முழு அளவு கொடுத்திருப்பார். அந்தப் பதிவில் பாடகர் வெட்டவெளியில் தனியாக நிற்பதுபோல, எதிரொலியின் தயவும் இல்லாமல், ஒவ்வொரு சுருதி விலகலும் துலக்கமாகத் தெரியக் கேட்பார். மற்றவர்கள் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். அரங்கில் இருந்த யாரும் அன்றைக்குக் கேட்காத ஒரு கச்சேரி அது. மிக்ஸர் பதிவையும் அரங்கில் வைத்த மைக்கின் பதிவையும் ஒன்றுசேர்த்தால் ஓரளவு நியாயம் கிடைக்கும். அப்போதும் இரண்டையும் காலத்தில் நகர்த்திப் பொருத்த வேண்டும். அரங்கு மைக் 20 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி 58 மில்லி நொடி பின்னால் வந்திருக்கும். பொருத்தாமல் கலந்தால் ஒவ்வொரு தட்டும் இரட்டையாக விழும்.

ஆக, பதிவில் எதை நம்புவது? காலப்பிரமாணம், சொல் உச்சரிப்பு, யார் எந்த இடத்தில் சேர்ந்தார்கள் அல்லது தவறினார்கள், சுருதி ஆகியவற்றை நம்பலாம். வாத்தியங்களின் அளவுப் பொருத்தம், ஏற்ற இறக்கம், குரலின் கனம் ஆகியவற்றைப் பதிவு எடுத்த இடத்தையும் கருவியையும் விசாரித்த பிறகே ஏற்க வேண்டும். அரங்கில் இருந்த சூடு எந்தப் பதிவிலும் அகப்படாது. அதைத் தேடி ஏமாறுவதில் பயனில்லை.

பதிவைப் பார்க்கும் கலைஞர் தேடுவது பெரும்பாலும் தன் தவறுகளை. எந்த இடத்தில் விரல் வழுக்கியது என்பது அவருக்கு முன்பே தெரியும். அந்த இடத்துக்கு நேராகப் போய் நிறுத்திப் பார்ப்பார். ப்ரூனோ ரெப் என்ற ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஆறுதல் தரும். பியானோ கலைஞர்கள் வாசித்ததில் கணினி கணக்கிட்ட தவறுகளைக் கண்டுபிடிக்கும்படி, இசை தெரிந்த கேட்பவர்களிடம் கொடுத்தபோது, அவர்களால் பாதியைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. தவறிய ஸ்வரங்களில் பல, சூழ்ந்திருக்கும் இசைக்கு ஒத்துப்போகிறவையாகவே இருந்தன. கேட்பவர் கவனிப்பது வேறு. ஒரு ஸ்வரம் தவறியதும் கலைஞரின் முகம் சுளிக்கிறதே, அதைக் கவனிக்கிறார். காதில் விழாத தவறை முகம்தான் காட்டிக்கொடுக்கிறது. வீடியோ ஒன்றுதான் இதைச் சொல்ல முடியும், ஒலிப்பதிவு சொல்லாது.

பார்வைக்கு இசையில் இவ்வளவு பங்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சியா-ஜங் சே என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். செவ்வியல் இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் வாசித்த மூவரின் பதிவுகளைக் காட்டி, வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாத வீடியோவைப் பார்த்தவர்கள் உண்மையான வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்கள். தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கில்லை; அவர்களோ ஒலிதான் முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள். இசைக்கு இது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. மேடை இசை என்பது கண்முன் ஒருவர் உழைப்பது. அந்த உழைப்பு எப்படித் தெரிகிறது என்பதும் கச்சேரியின் பகுதிதான்.

முகம் பிடிக்காமல் போவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. நமக்குப் பழகிய நம் முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் முகம். மனிதர்கள் தங்கள் படத்தில் கண்ணாடி வடிவத்தையே விரும்புகிறார்கள், அவர்களுடைய நண்பர்களோ உண்மையான வடிவத்தை விரும்புகிறார்கள் என்பது 1977இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெரிந்தது. வீடியோவில் வருவது நண்பர்களுக்குப் பிடித்த முகம். ஆகவே "நான் பார்க்கவே சகிக்கவில்லை" என்ற முதல் எதிர்வினையை ஒரு வாரத்துக்கு ஓரமாக வைத்துவிடலாம். பழக்கம் அதைச் சரிசெய்துவிடும்.

வீடியோவால் மட்டுமே தெரியவரும், அதிகம் பேசப்படாத விஷயம் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பாட்டு முடிகிறது. கைதட்டல் எழுந்து அடங்குகிறது. கிதார் கலைஞர் சபைக்கு முதுகைக் காட்டி ஆம்ப்ளிஃபயரை நோண்டுகிறார். பாடகர் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார். பேஸ் கலைஞர் டிரம்ஸ் கலைஞரிடம் குனிந்து ஏதோ சொல்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள். என்ன நகைச்சுவை என்று சபைக்குத் தெரியாது. ஒருவர் சுருதி சேர்க்கிறார், அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறது. மேடையில் இருப்பவர்களுக்கு இது கண்சிமிட்டும் நேரம். எல்லோரும் ஏதோ வேலையாக இருக்கிறார்கள். திரையில் கடிகாரத்தைப் பார்த்தால் முக்கால் நிமிடம் ஓடியிருக்கும். அந்த முக்கால் நிமிடத்தில் முந்தைய பாட்டு கட்டியெழுப்பியதெல்லாம் வடிந்துபோகிறது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் பன்னிரண்டு பாட்டுகள் என்றால் இப்படிப் பதினொரு இடைவெளிகள். தவறான ஸ்வரத்துக்காக ஒரு வாரம் தூக்கமிழக்கும் கலைஞர் இந்த இடைவெளிகளை வேகமாக ஓட்டிவிட்டுத்தான் வீடியோவைப் பார்ப்பார். ஓட்டாமல் பார்க்க வேண்டிய பகுதியே இதுதான். இதைத் திருத்தத் திறமையோ பயிற்சியோ கூடத் தேவையில்லை. அடுத்த பாட்டை அறிமுகம் செய்பவர் யார், அப்போது சுருதி சேர்ப்பவர் யார், ஒலியை அடக்கிவைக்கும் மிதிபொத்தானை யார் அழுத்துவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும்.

எத்தனை பார்த்தாலும் மனம் ஒப்பாதவர்கள் தங்களைத் திருத்திக்கொள்வதற்குப் பதிலாகப் பதிவைத் திருத்தியிருக்கிறார்கள். லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழு 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்திய நிகழ்ச்சிகளைப் படமாக்கியபோது, காட்சிகளில் ஓட்டைகள் விழுந்தன. மறு ஆண்டு இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் அதே மேடையைப் போல ஒன்றை அமைத்து, விட்டுப்போன இடங்களை நடித்து எடுத்தார்கள். குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் இதற்குள் முடியை வெட்டிக்கொண்டுவிட்டதால் விக் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1976இல் படம் திரைக்கு வந்தது. நேரடி நிகழ்ச்சிப் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் தொலைபேசி வீடியோவை அவற்றோடு ஒப்பிடும் இளம் கலைஞர்கள் அந்த விக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பதிவையே மறுத்தவர்களும் உண்டு. ருமேனியாவில் பிறந்த இசை நடத்துநர் செர்ஜியு செலிபிடாகே, இசை அந்த அரங்கில் அந்த நேரத்தில் மட்டுமே இருக்கிறது என்றும், அரங்கின் எதிரொலிக்கு ஏற்றபடி அமையும் காலப்பிரமாணம் வேறு அறையில் ஒலிக்கும்போது பொருளற்றுப்போகும் என்றும் கருதி, ஒலித்தட்டு வெளியீட்டைப் பெரும்பாலும் தவிர்த்தார். 1996இல் அவர் இறந்த பிறகுதான் குடும்பத்தாரின் இசைவோடு அவருடைய கச்சேரிப் பதிவுகள் பெருமளவில் வெளியாயின. கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் எதிர்த்திசையில் போனார். 1964 ஏப்ரலில், 31 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்ததோடு மேடையை முற்றாக விட்டுவிட்டு, பதிவு செய்து, கேட்டு, வெட்டி ஒட்டுவதையே தன் கலையாக்கிக்கொண்டார். ஒருவருக்குப் பதிவு கச்சேரியைக் கெடுத்தது, இன்னொருவருக்குக் கச்சேரி பதிவைக் கெடுத்தது.

இருவருக்கும் நடுவில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட்டின் இரவு ஒன்று இருக்கிறது. 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில் அவர் கேட்ட பியானோ வரவில்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோதான் இருந்தது. உச்ச ஸ்தாயி சன்னமாகவும் கீழ் ஸ்தாயி பலவீனமாகவும் ஒலித்தது. வாசிக்கவே தயங்கினார். கடைசியில் வாசித்தார், நடு ஸ்தாயியிலேயே அதிகம் தங்கி, இடது கையால் திரும்பத் திரும்ப ஒரு நடையைப் பிடித்து அந்தக் குறையை ஈடுகட்டினார். பதிவு இலட்சக்கணக்கில் விற்று, தனிப் பியானோ இசைத்தட்டுகளில் தலையாயதாக நிற்கிறது. விரல்கள் போராடிக்கொண்டிருந்ததைக் கேட்பவர் அறியார். கலைஞரின் உடல் நினைவில் வைத்திருக்கும் சிரமம் ஒலியில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எப்போது பார்ப்பது என்பதில் என் கருத்து உறுதியானது: அன்றிரவு வேண்டாம். ரெப், குன்தர் நோப்லிக் என்ற மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒலி வராத விசைப்பலகையில் வாசித்த பியானோ கலைஞர்கள்கூடப் பல மாதங்கள் கழித்துத் தங்கள் வாசிப்பைப் பிறருடையதிலிருந்து அடையாளம் கண்டார்கள். தன் வாசிப்பைக் கேட்கும்போது உடல் உள்ளுக்குள் கூடவே வாசிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நிகழ்ச்சி முடிந்த சூட்டில் பார்த்தால் அந்த உள்வாசிப்பு மிகப் பலமாக இருக்கும். திரையில் ஒலிப்பது ஒன்று, உள்ளே ஓடுவது ஒன்று, எது எதுவென்று பிரிக்க முடியாது. சில நாள் போகட்டும். அதற்கு முன் ஒரு தாளில், எந்தப் பாட்டு நன்றாக வந்தது, எது கெட்டது, எங்கே வேகம் ஓடியது என்று நினைவில் இருப்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் ஒருமுறை முழுக்கக் கேட்கலாம். இன்னொரு நாள் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் பார்க்கலாம். எழுதிவைத்த தாளும் பதிவும் எங்கெங்கே முரண்படுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டால், தன் காது மேடையில் எந்த வகையில் ஏமாறுகிறது என்பது நாலைந்து நிகழ்ச்சிகளில் பிடிபட்டுவிடும். ஒருவருக்கு எப்போதும் வேகத்தில் ஏமாற்றம், இன்னொருவருக்கு சுருதியில். நன்றாக அமைந்த நிகழ்ச்சிகளின் பதிவையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். கெட்டுப்போனவற்றை மட்டும் பார்ப்பவருக்கு எதை விடாமல் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்விடும்.

குழுவாக உட்கார்ந்து பார்க்கும்போது கதை வேறு. ஒவ்வொருவரும் தன்னை மட்டுமே பார்ப்பார்கள்; முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் ஒலி குறைவாக இருந்தது என்று சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது, ஏனென்றால் பதிவில் அளவுப் பொருத்தம்தான் எல்லாவற்றிலும் நம்பத் தகாதது. ஆளுக்கு இன்னொருவரைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பாடகரைக் கவனிக்கும் வேலை டிரம்ஸ் கலைஞருக்கு, டிரம்ஸ் கலைஞரைக் கவனிப்பது கிதார் கலைஞரின் பொறுப்பு. தன்னைப் பற்றி யாரும் முதலில் பேசக் கூடாது என்று ஒரு விதி. பாட்டு முடியும் இடத்தில் பாடகர் தலையசைப்பார் என்று டிரம்ஸ் கலைஞர் காத்திருந்ததும், அவர் கையைக் காட்டுவார் என்று பாடகர் காத்திருந்ததும், அதனால் ஒவ்வொரு முடிவும் அரைத் தட்டு இழுபட்டதும் பெரும்பாலும் இப்படித்தான் வெளிவரும்.